அறுபத்தொரு கோரிக்கைகளை ஏலம் விட்ட ஞாயிறு

2023 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். வெளிச்சுவரில் நான் மாட்டியிருக்கும் வெப்பமானி முப்பத்தாறு காட்டியது. ஏற்காட்டு மலைமேல் மேகம் இருந்தது. ஆனால் அது ஏற்காட்டுக்கு மட்டுமான மேகம். சேலத்துக்கு இறங்கி வரும் உத்தேசம் அதற்கு இல்லை. காற்று துளியும் இல்லை. ஃபேர்லேண்ட்ஸில் உள்ள என் வீட்டின் மாடிக்கு வெளிப்பக்கமாகப் பதினேழு படிகள். பதினோராவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். கோபத்தோடு படியேறுவது உடம்புக்கு நல்லதல்ல என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கோபம் இல்லாவிட்டால் நான் எதற்குப் படியேறப் போகிறேன்?

மாடியில் குடியிருப்பவர் முப்பத்து மூன்று வயதுப் பெண். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறார். நான் பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு ஆண்டுகள் இயந்திரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள் வைத்திருக்கும் ஒருவர் கேட்டுக்கொண்டதால், ரிக் வண்டிப் பராமரிப்புக் கையேடு ஒன்று தமிழில் எழுதினேன். முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கம். என் கணினியில் அழகாக இருக்கும். அவருக்கு அனுப்பினால் அங்கே எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒருநாள் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைப் பற்றிச் சண்டை போட மாடிக்குப் போனவன், பேச்சோடு பேச்சாக இந்தக் கட்டங்களைப் பற்றியும் புலம்பிவிட்டு வந்தேன். தொட்டி இன்றும் வழிகிறது. ஆனால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண் ஒரு கருவி எழுதிவிட்டார்.

கருவி என்றால் கையில் பிடிப்பது அல்ல, மென்பொருள். நாம் அலங்காரம் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாக எழுதிக் கொடுத்தால், அதை இணையப் பக்கங்களாகவும் அச்சுக்குப் போகும் புத்தகமாகவும் மாற்றிக் கொடுக்கும். எந்தப் போனிலும் தமிழ் உடையாது. காசு கிடையாது. அதன் உள்வேலை முழுவதையும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், "இது வேண்டும், அது வேண்டும்" என்று கேட்டு எழுதலாம்.

வினை அந்தக் கடைசி வசதியில்தான் வந்தது. எல்லோரும் கேட்டார்கள். முதலில் ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு விசைத்தறி மெக்கானிக், தறி ரிப்பேர் குறிப்புகளை இந்தக் கருவியில் போட்டுவிட்டு, இன்னும் என்னென்ன இருந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டார். பிறகு முகம் தெரியாத வெளியூர்க்காரர்கள், வெளிநாட்டுக்காரர்கள். இரண்டு வருடத்தில் கோரிக்கைகள் அறுபத்தொன்று.

வைகாசி நடுவில் அந்தப் பெண் கீழே வந்து என்னிடம் சொன்னார். "சார், எனக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் இதுக்கு ஒதுக்க முடியும். கம்பெனி வேலை இருக்கு, பாப்பாவுக்கு ரெண்டு வயசு. இப்ப பத்து பன்னெண்டு மணி நேரம் போவுது. இந்தக் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாதுன்னு உக்காந்து ஒரு எல்லை போட்டுருவோம். நாலு மணி நேரத்துக்குள்ள அடங்கலைன்னா ஆவணி ஒண்ணாந்தேதி பூட்டிடுவேன்."

பூட்டுவது என்றால் என்னவென்று கேட்டேன். இருப்பது அப்படியே இருக்கும், இனி யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். போன்கள் மாற மாற, ஒருநாள் மறுபடியும் கட்டங்கள் வரும். என் முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கத்தையும் ஊர் ஊராகப் போகும் ரிக் வண்டிகளில் போனில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் பிறகு எனக்கு நான்கு நாள் சரியாகத் தூக்கம் இல்லை. ஐந்தாம் நாள் தூங்கினேன், ஆனால் நிம்மதியாக அல்ல.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நான் படியேறியபோது மனதில் ஒரு சொற்பொழிவு தயாராக இருந்தது. வெளியூர்க்காரர்கள், ஒரு வரி நன்றிகூடச் சொல்லாமல், ஒரு பெண்ணின் தலையில் இவ்வளவு சுமையை ஏற்றலாமா என்பது அதன் சாரம்.

உள்ளே திருச்செங்கோட்டு ரிக்காரரும் ஜலகண்டாபுரத்துத் தறிக்காரரும் ஏற்கெனவே வந்து மின்விசிறிக்கு நேர் கீழான இரண்டு இடங்களையும் பிடித்திருந்தார்கள். குழந்தையை அதன் அப்பா வெளியே அழைத்துப் போயிருந்தார். அந்தப் பெண் ஆளுக்கு நான்கு தாள் கொடுத்தார். அறுபத்தொரு கோரிக்கைகளும் வரிசையாக, எதிரே கேட்டவர் யார் என்ற குறிப்போடு அச்சாகியிருந்தன.

நான் பேனாவை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். எண்ணாமல் என்னால் ஒரு தாளைப் படிக்க முடியாது. வெளியாட்கள் கேட்டது பதினெட்டு. ரிக்காரர் பதினொன்று. தறிக்காரர் ஒன்பது. மிச்சம் இருபத்து மூன்று. அத்தனைக்கும் எதிரே "கீழ்வீட்டு சார்" என்று போட்டிருந்தது.

இன்னொரு முறை எண்ணினேன். இருபத்து மூன்றுதான்.

"ஏனுங்க சார், ரெண்டு தடவ எண்றீங்க? தாள்ல ஏதாச்சும் கொறையுதுங்களா?" என்றார் ரிக்காரர்.

"இல்லை, கண்ணாடி சரியில்லை" என்றேன்.

சொற்பொழிவை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். என்னுடைய இருபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டபோது நியாயமாகத்தான் இருந்தன. பக்க எண்ணைத் தமிழ் எண்ணிலும் போட வேண்டும். பொருளடக்கம் முன்னாலும் பின்னாலும் வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் எத்தனை சொற்கள் என்று காட்ட வேண்டும். எத்தனை பேர் படித்தார்கள் என்று காட்ட வேண்டும். எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்று எனக்கு மட்டும் காட்ட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது பத்தி எண். எங்கேயோ பாறைக் காட்டில் நிற்கும் வண்டியிலிருந்து ஒருவன் போன் செய்தால், "நூற்றுப் பதினேழாம் பத்தியைப் பார்" என்று சொல்லிவிட்டு நான் சாப்பிடப் போகலாம். வண்டி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம் அல்லவா? இருபத்து மூன்றில் இருபத்திரண்டை விட்டுக்கொடுக்கத் தயார், பத்தி எண்ணை மட்டும் விடமாட்டேன் என்று அந்த மின்விசிறி எட்டாத நாற்காலியில் உட்கார்ந்து முடிவு செய்தேன்.

முதல் ஒரு மணி நேரத்தில் நாங்கள் நீக்கியது பூஜ்யம். ஒவ்வொருவரும் மற்றவர் கேட்டதைத் தேவையில்லாதது என்று நிரூபித்தோம். ரிக்காரர் தம் கையேட்டுக்குக் கடவுச்சொல் கேட்டிருந்தார், பக்கத்து ரிக் கம்பெனிக்காரர்கள் படித்துவிடக் கூடாதாம். தறிக்காரர் பக்கத்தின் ஓரத்தில் சேலைக் கரை மாதிரி பூ வேலை கேட்டிருந்தார்.

"தறி ரிப்பேருக்குப் பூ எதுக்குங்க?" என்று ரிக்காரர் கேட்டார்.

"நாலு பேரு பாக்கற எடமுங்க. மூளியா வெச்சா நல்லாவா இருக்குது? உங்க வண்டிக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் குஞ்சம் கட்டித் தொங்க உட்ருக்கறீங்களே, அது போர் போடுதுங்களா?"

அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய இந்த வாரத்து நான்கு மணி நேரத்தில் ஒன்று எங்களுக்காகப் போய்விட்டது என்பது எனக்குப் புரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க எதையும் விட வேண்டாம். ஆனா ஒவ்வொண்ணையும் வருஷக்கணக்குல யாராவது பாத்துக்கணும். உடைஞ்சா சரி பண்ணணும், கேள்வி வந்தா பதில் போடணும். அந்த யாராவது நான் இல்ல. அதை மட்டும் சொல்லிடுங்க."

எல்லோரும் டீயைக் குடித்தோம். வேறு வேலை இல்லாதபோது டீ நல்ல வேலை.

டம்ளரைக் கீழே வைத்த ரிக்காரர்தான் வழி சொன்னார். "பேசாம ஏலம் உட்றலாமுங்க. நம்மூட்டுச் சீட்டு மாதரயே. காசுக்குப் பதுலா மணி நேரம். எவுரு மாசத்துக்கு சாஸ்தி மணி நேரம் பாத்துக்கறேங்கறாரோ அவுரு தலைல அது. கேக்க ஆளில்லீன்னா வெளிய."

இந்தப் பக்கத்தில் ஏலச்சீட்டு தெரியாத வீடு இல்லை. இருபது பேர் மாதாமாதம் பணம் போடுவோம். அவசரத் தேவை உள்ளவர், மொத்தப் பணத்தில் இவ்வளவு தள்ளி எடுத்துக்கொள்கிறேன் என்று ஏலம் கேட்பார். அதிகம் தள்ளுபவருக்குச் சீட்டு. தள்ளிய தொகையை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வோம். ஒருமுறை சீட்டு எடுத்தவர் மறுபடி கேட்க முடியாது. அந்த விதியும் அப்படியே இருக்கட்டும், ஆளுக்கு ஒன்றுதான் என்று தறிக்காரர் சொன்னார். எனக்கு வேண்டியதும் ஒன்றுதானே? நானும் தலையாட்டினேன். வெளியாட்களுக்கு முன்பே எழுதிக் கேட்டிருந்ததாகவும், பதினெட்டில் இரண்டுக்கு மட்டும் நேரம் தருவதாகப் பதில் வந்ததாகவும் அந்தப் பெண் சொன்னார். ஒன்று தேடும் வசதி. ஒன்று, வரியின் ஓரத்தில் தமிழ்ச் சொல் தப்பான இடத்தில் முறிவதைச் சரி செய்வது. அவை உள்ளே. மற்ற பதினாறு வெளியே.

மீதி நாற்பத்து மூன்றையும் தறிக்காரர் ஏலம் கூவினார். எப்படிப் போனது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு மணி நேரம் யாரும் விட்டுக்கொடுக்காத பொருட்கள் ஒரு நிமிடத்துக்கு இரண்டு வீதம் செத்து விழுந்தன. கடவுச்சொல்லுக்கு மாதம் எத்தனை மணி நேரம் என்றதும் ரிக்காரர், "அட, படிச்சுட்டுப் போவுட்டும் உடுங்க" என்றார். பூக்கரைக்குத் தறிக்காரர் தாமே கூவி, தாமே பதில் சொல்லாமல், தாமே அடித்துவிட்டார். எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்ற என் கோரிக்கை வந்தபோது நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ரிக்காரரின் கோரிக்கை ஒன்று வந்தது. கையேட்டைப் போன் வாய்விட்டுப் படிக்க வேண்டும். "வண்டியில நிக்கற பசங்களுக்குக் கையெல்லாம் கிரீசுங்க. போனைத் தொட்டுத் தள்ளிப் படிக்க முடியுமுங்களா? கொஞ்சப் பேருக்குப் படிப்பும் பத்தாது. காதுல உளுந்தாப் போதுமுங்க. நான் ரெண்டு மணி நேரம்."

இந்த இடத்தில் என் குணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முப்பது வருடமாகச் சீட்டுப் போடுகிறேன். எனக்கு அவசரத் தேவை எப்போதும் இருந்ததில்லை. கடைசிச் சீட்டுத்தான் எடுப்பேன். ஆனால் ஒவ்வொரு ஏலத்திலும் கேட்பேன். தேவை உள்ளவர் ஐயாயிரம் தள்ளினால் நான் ஐயாயிரத்து ஐந்நூறு என்பேன், அவர் ஏறுவார், இன்னும் ஐந்நூறு ஏற்றுவேன். அவர் அதிகம் தள்ளினால் எனக்குப் பங்கு கூடும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். எல்லோரும் செய்வதுதான். நான் கொஞ்சம் திறமையாகச் செய்வேன்.

இவருக்கு இத்தனை வண்டி, ஆபீஸ், ஆட்கள். இரண்டு மணி நேரமா? கஞ்சத்தனம் என்று தோன்றியது. என் வாய் தானாகவே திறந்தது.

"மூணு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நாலுங்க."

"அஞ்சு."

"ஆறுங்க சார்."

முகத்தைப் பார்த்தேன். இன்னும் ஏறுவார் என்று சொல்லியது முகம். "எட்டு" என்றேன்.

ரிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். திருச்செங்கோட்டிலும் சீட்டு உண்டு என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

"எட்டு ஒரு தரம்" என்றார் தறிக்காரர், குரலில் ஒரு சந்தோஷத்தோடு. "எட்டு ரெண்டு தரம்."

"ஒரு நிமிஷம்—" என்றேன்.

"மூணு தரம்! சார் எடுத்துட்டாருங்க."

அந்த அறையில் எனக்குத் தெரிந்து அதுவரை யாரும் சிரித்திருக்கவில்லை. அந்தப் பெண் முகத்தைத் தாளால் மறைத்துக்கொண்டார்.

அடுத்த கால் மணி நேரத்தில், தறிக்காரர் அகலமான அட்டவணை சின்னப் போனில் அடங்கும் வசதியை மூன்று மணி நேரத்துக்கு எடுத்தார். கையேடு முழுவதையும் ஒரே கட்டாகப் போனுக்கு அனுப்பும் வசதியை ரிக்காரர் நான்குக்கு எடுத்து, அந்த வேலையைத் தம் ஆபீசில் கணினி தெரிந்த பெண்ணுக்குத் தருவதாகச் சொன்னார். கடைசியாக வந்தது பத்தி எண்.

"பத்து மணி நேரம்!" என்றேன்.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"சீட்டு எடுத்தவரு மறுக்கா கேக்கலாமுங்களா சார்?" என்றார் ரிக்காரர், ரொம்பப் பணிவாக.

"நான் எடுக்கணும்னு எடுக்கலை. உங்களை ஏத்திவிடத்தான் கேட்டேன்."

"தெரியுமுங்க. அதுக்குத்தானுங்க நானும் ஆறோட நின்னேன். அஞ்சு வருஷம் முன்ன இதே மாதர ஒருத்தரு என்னைய ஏத்தி உட்டுட்டாருங்க. இன்னும் வலிக்குது."

"உங்களுக்காவது வேண்டாமா?" என்று தறிக்காரரைக் கேட்டேன். அவரும் ஏற்கெனவே எடுத்தவர். அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர் முடியாது என்று மெல்லத் தலையை அசைத்தார். பத்தி எண் போடுவது பெரிய வேலையில்லை என்றும், நடுவில் ஒரு பத்தி சேர்த்தால் பின்னால் வரும் எல்லா எண்ணும் மாறி, அச்சில் ஒன்று, போனில் ஒன்று என்று ஆகும், அதைச் சொல்லி எழுதுகிறவர்களுக்குப் பதில் போட்டே நாலு மணி நேரம் தீரும் என்றும் விளக்கினார். நியாயம்தான். நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன். அறுபத்தொன்றில் ஐந்து உள்ளே, ஐம்பத்தாறு வெளியே. வெளியே போனவற்றில் இருபத்து மூன்று என்னுடையவை. என்னைவிடச் சிறப்பாக யாரும் தோற்கவில்லை.

இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனதும் நான் மெதுவாகக் கேட்டேன், "அம்மா, எனக்கு மென்பொருள் எழுதத் தெரியாதே. எழுபத்தொரு வயசுல அதைப் படிச்சு, போனைப் பேச வைக்கிறது எப்படி?"

"கருவி பேசாது சார்" என்றார். "பக்கத்தோட பேர்லயே ஒரு ஒலிக்கோப்பு இருந்தா, பக்கத்துக்கு மேல ஒரு பொத்தான் வைக்கும். இல்லைன்னா வைக்காது. அதோட கருவியோட வேலை முடிஞ்சுது. படிக்கிற குரல் எல்லைக்கு வெளிய. அது உங்க எட்டு மணி நேரம்."

அங்கேயே உட்கார்ந்து அந்தப் பொத்தானை எழுதினார். பதினான்கு வரி. எண்ணினேன். பிறகு முகப்புப் பக்கத்தில் இரண்டு தலைப்புகள் போட்டு, இந்தக் கருவி செய்வது, செய்யாதது என்று எழுதினார். செய்வது ஆறு வரி. செய்யாதது நாற்பது வரிக்கு மேல் போயிற்று. நீண்ட பட்டியலைப் பார்த்தால் வருகிறவர்களுக்கு மனது கஷ்டப்படாதா என்றேன். "அதுதான் சார் என்னைக் காப்பாத்தப் போவுது" என்றார்.

அதற்குப் பிறகு என் பாடு. ரிக் கையேட்டை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். மின்விசிறியைப் போட்டால் ஹெலிகாப்டர் போகிற மாதிரி பதிவானது. நிறுத்தினால் வியர்வை தாளில் சொட்டியது. பக்கத்து வீட்டு மாவு கிரைண்டர், தெருவில் கோலப்பொடிக்காரர், மாடியில் நாற்காலியை இழுக்கும் குழந்தை. கடைசியில் வாசலில் நிற்கும் காருக்குள் ஏறி, கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசி போட்டுப் படித்தேன். அந்த ஏசி நான்காம் பக்கத்தில் அனல் ஊத ஆரம்பித்தது. அதுவரை எனக்கு அதைப் பற்றித் தெரியாது, நான் அதைப் போட்டதே இல்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, "உள்ள மாட்டிக்கிட்டீங்களா சார்?" என்று கேட்டது நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் பதிவில் இன்னும் இருக்கிறது. எடுக்க வேண்டாம் என்று ரிக்காரர் சொல்லிவிட்டார். வண்டியில் பசங்கள் அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களாம்.

இன்னொன்றும் நடந்தது. கம்ப்ரசர் எண்ணெய் மாற்றுவதைப் பற்றிய ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் என்னால் படித்து முடிக்க முடியவில்லை. எண்ணினேன். ஐம்பத்தெட்டு சொற்கள். அதை நான்காக உடைத்தேன். பிறகு மற்றவற்றையும். இரண்டு இடங்களில் நான் என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை, எடுத்துவிட்டேன். முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கம் இருநூற்று நாற்பத்தொன்று ஆகியது. முன்பெல்லாம் இத்தனை பக்கம் குறைந்திருந்தால் யாரோ திருடிவிட்டார்கள் என்று தேடியிருப்பேன். போனில் கேட்பவர்களுக்கு, "கம்ப்ரசர் என்ற தலைப்புக்குக் கீழே ஏழாவது பத்தி" என்று சொல்கிறேன். அவர்களே எண்ணிக்கொள்ளட்டும். கிரீஸ் கையால் எண்ணலாம்.

ஆனி போய் ஆடியும் போனது. ஆவணி ஒன்றாம் தேதி காலையில் நான் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். என்னைப் போலவே அவரும் கணக்கு வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. போனைக் காட்டினார். கருவிக்குச் செலவான நேரம், ஆனியில் பதினைந்தரை மணி. ஆடியில் பதினாறேகால். இரண்டு மாதமும் வாரம் நாலு மணிக்குள்.

"பூட்டப் போறியாம்மா?" என்றேன். என் குரல் சரியாக வரவில்லை. எட்டு மணி நேரம் கத்தியதால் என்று வைத்துக்கொள்ளலாம்.

"எதுக்கு சார் பூட்டணும்?" என்றார். "நீங்க எண்பத்தாறாம் பக்கத்துல எங்கயோ இருமியிருக்கீங்க. அதை மட்டும் மறுபடி படிச்சுக் குடுங்க."

அவர் மேலே போனதும் நான் கடைக்குப் போய் வந்து, மாதம் எட்டு மணி நேரம் என்று வாய் தவறிக் கேட்டது இதுவரை எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று எழுதிப் பார்த்தேன். மைக் ஒன்று, 2,450. காரின் ஜன்னல்களில் சத்தம் வராமல் தொங்கவிட இரண்டு கம்பளி, 1,180. கார் ஏசிக்குக் கேஸ் நிரப்பியது, 2,600. தொண்டைக்கு அதிமதுரமும் மிட்டாயும், எண்பத்தாறாம் பக்கத்துக்காக அன்று வாங்கியதையும் சேர்த்து, 385. ஆக மொத்தம் 6,615 ரூபாய்.